இறால்காரியை முத்தி செய்த வழக்கு

2024 மார்ச் 23, சனிக்கிழமை பிற்பகல், பழைய மொன்றியலில் உள்ள லெமார்ஷான் அச்சோவியக் காட்சிச்சாலையின் இரண்டாம் மாடியில், பிரியந்தி என்ற நாற்பத்திரண்டு வயதுப் பெண்ணின் வலது மணிக்கட்டு இரண்டு இடங்களில் முறிந்தது. அதே நேரத்தில், சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தின் கண்ணாடியில் ஒரு விரல் அடையாளம் பதிந்தது. அன்று மாலை காட்சிச்சாலை வெளியிட்ட அறிக்கை இரண்டாவது சம்பவத்தைப் பற்றியது.

பிரியந்தி பாசையூரில் பிறந்தவள். இப்போது பார்க் எக்ஸ்டென்ஷனில் கணவன் டெனிஸ்டனோடு இருக்கிறாள். பக்கத்து வில்லரேயில் ஒரு கர்டரியில் சமையல் வேலை. தாய் தகப்பன் வேலைக்குப் போய் வரும்வரை சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த இடத்தில், மத்தியானத்துக்குச் சூப்பும் சோறும், பின்னேரத்துக்கு வாழைப்பழக் கேக்கும் அவள் கையால்தான். பிள்ளைகள் அவளை மாமி என்பதுபோல "தாந்தீ ப்ரீ" என்று கூப்பிடுவார்கள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வேலையை அவள் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

காட்சிச்சாலைக்குப் போகும் யோசனை அவளுடையதல்ல. அவள் போகும் தமிழ்க் கத்தோலிக்கக் கோயிலின் மாதா சங்கத்துத் தலைவி பிலோமினம்மா கொண்டுவந்தது. காட்சிச்சாலை "சமூகங்களின் நாள்" என்று ஒன்றை அறிவித்து, குடியேறிய மக்களை இலவசமாக அழைத்திருந்தது.

"கோப்பி தருவினமாம், கேக்கும் தருவினமாம்," என்று பூசை முடிந்து வாசலில் நின்றவர்களிடம் பிலோமினம்மா சொன்னார். "படம் பாக்கிறது கட்டாயமில்லை. ஆனால் பாக்காமல் சாப்பிட்டால் மரியாதை இல்லை. நல்ல சீலை உடுத்துக்கொண்டு வாங்கோ. எங்களைப் பாத்தால் கேக்குக்கு வந்த சனம் மாதிரி இருக்கக் கூடாது."

அப்படித்தான் சங்கத்துப் பெண்கள் மெட்ரோ பிடித்துப் போய் இறங்கினார்கள்.

உள்ளே போனதும் எல்லோருக்கும் பழக்கப்பட்ட இடத்துக்கு வந்தது போலிருந்தது. உயரமான கூரை, மங்கிய வெளிச்சம். வாசலில் நின்றவன் உதட்டில் விரல் வைத்துச் சத்தம் போடக்கூடாது என்றான். அவனுக்குப் பக்கத்தில் காணிக்கைப் பெட்டி, கண்ணாடியில் செய்தது. பிலோமினம்மா சில்லறை போட்டுச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை.

இரண்டாம் மாடியில், தனியறை ஒன்றில், ஒரேயொரு படம். அதன்மேல் ஊதாத் துணி.

பழைய காகிதம் வெளிச்சம் பட்டால் மங்கிப்போகும் என்பதால் இப்படிப்பட்ட படங்களைத் துணியால் மூடிவைப்பதும், பார்க்க வருகிறவர் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு விடுவதும் அந்தத் தொழிலில் உள்ள முறை. இது காட்சிச்சாலைக்காரருக்குத் தெரியும். தவக்காலத்தின் கடைசி நாட்களில் கோயிலில் உள்ள சுரூபங்கள் எல்லாம் ஊதாத் துணியால் மூடப்படும் என்பது மாதா சங்கத்தாருக்குத் தெரியும். மறுநாள் குருத்தோலை ஞாயிறு. அவர்களுடைய சொந்தக் கோயிலிலும் சூசையப்பரும் அந்தோனியாரும் அந்த நிறத் துணிக்குள்ளேதான் நின்றார்கள்.

பிரியந்திக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரி துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனாள். உயிர்ப்பு ஞாயிறான பாஸ்குவுக்கு முதலே துணியைத் தூக்குகிறார்களே, இந்த நாட்டுச் சனத்துக்கு எல்லாவற்றிலும் அவசரம்தான் என்று நினைத்துக்கொண்டு, பிரியந்தியும் தூக்கினாள்.

உள்ளே ஒரு பெண். தலையிலிருந்து தோள்வரை நீல முக்காடு. மார்போடு அணைத்த கூடை. தலைக்குப் பின்னால் வட்டமாக ஒரு மஞ்சள் ஒளி. காலில் சேறு படிந்த சப்பாத்து. சப்பாத்துப் போட்ட மாதாவை அவள் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் இந்த நாட்டுக் குளிருக்கு மாதாவும் என்ன செய்வா என்று மனதுக்குள் சமாதானம் சொல்லி, அந்தச் சப்பாத்து நுனியைத் தொட்டு, தொட்ட விரலை உதட்டில் வைத்தாள். பாசையூரிலும் மன்னாரிலும் இதை முத்தி செய்வது என்பார்கள். கையைக் காலை அசைப்பது போல அது, யோசித்துச் செய்வதில்லை.

அவள் முத்தி செய்வதைக் கண்ட பிலோமினம்மா, "ஆர் பிள்ளை, எந்த மாதா?" என்றார்.

"தெரியேல்லை அக்கா. கூடை வைச்சிருக்கிறா."

"அப்ப பசிக்கு உதவுற ஆள். விலத்து, நான் ஒருக்கால் தொடுறன்."

அவர் கை நீட்டுமுன்னே அவருக்குப் பின்னால் வரிசை உருவானது.

உண்மையில் அந்தப் படம் 1893இல் லண்டனில் அச்சானது. தெருவில் இறால் விற்ற ஒரு பெண்ணை யாரோ மரக்கட்டையில் செதுக்கி, நிறம் பூசி எடுத்தது. மஞ்சள் வட்டம் தெருவிளக்கு. செதுக்கியவரின் பெயரும் தெரியாது, இறால்காரியின் பெயரும் தெரியாது. காட்சிச்சாலை அவளுக்கு மிஸ் எம். என்று பெயர் வைத்திருந்தது. நூறு வருடமாக இந்த உழைக்கும் பெண்ணை எல்லோரும் அவளுடைய சம்மதமில்லாமல் பார்த்துவந்திருக்கிறார்கள் என்று நிர்வாகக் குழு கண்டுபிடித்து, அவளைப் பொருட்களின் கணக்கிலிருந்து எடுத்து, "இல்லத்தின் வதிவாளர்" என்று அறிவித்திருந்தது. வதிவாளரின் உடலைத் தொடுவது தாக்குதல். தொட்டால் அடிப்பதற்குப் படத்தில் ஓர் அபாய மணியும் பொருத்தியிருந்தார்கள்.

மணி அடித்தது.

காவல் தலைவர் றேஜான் கூத்யூர் ஒருகாலத்தில் ஐஸ் ஹொக்கி ஆடியவர். கோல் அடிப்பதற்காக அல்ல, கோல் அடிக்க வருகிறவர்களை ஆடுகளத்து ஓரப் பலகையோடு சேர்த்து நசுக்குவதற்காக அவரை அணியில் வைத்திருந்தார்கள். காவலர்களுக்கும் அவர் அதையே பழக்கியிருந்தார். வாசலிலிருந்து ஓடி வந்த வேகத்தில் அவருடைய தோள் பிரியந்தியின் முதுகில் இறங்கியது. அவளுடைய வலது கை சுவருக்கும் அவருடைய நூற்றைம்பது கிலோவுக்கும் நடுவில் மாட்டியது. காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கேட்டது. அது தன்னுடைய கை என்று அவளுக்கு உடனே விளங்கவில்லை. விழுந்தபோது மூக்கு தரையில் அடிபட்டது. முதுகில் ஒரு முழங்கால் ஏறியது.

"விடடா அவளை!" என்று பிலோமினம்மா கத்தினார். ஒராட்ரி என்கிற சூசையப்பர் கோயிலில் வாங்கிய எண்ணெய்ப் போத்தல் அவருடைய கைப்பையில் எப்போதும் இருக்கும். அந்தப் பை சுழன்று போய் இன்னொரு காவலனின் காதில் விழுந்தது. காது கிழிந்தது, போத்தல் உடைந்தது. ஓடி வந்த அடுத்த இருவரும் எண்ணெயில் வழுக்கி, ஒருவன் மற்றவனின் வாயில் முழங்கையால் இடித்து, ஒரு பல் தரையில் உருண்டது. ஒரு பெண்ணின் கொண்டையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். அவள் இழுத்தவனின் கட்டைவிரலைக் கடித்தாள். கொஞ்ச நேரம் யார் யாரை அடிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

பிறகு இயக்குநர் மதாம் ஓடில் ஷார்பொன்னோ வந்தார். வெள்ளைக் கையுறை போட்ட ஓர் உதவியாளரும் கூட வந்தார்.

"எப்படி இருக்கிறாள்?" என்று மதாம் பதறினார்.

கர்டரியில் பழகிய பிரெஞ்சு பிரியந்திக்கு விளங்கியது. "கை சரியா நோகுது, மதாம்," என்றாள் தரையிலிருந்து.

"தயவுசெய்து அவள் முன்னால் சத்தம் போடாதீர்கள்," என்றார் மதாம். அவர் முதலில் கேட்டது கையுறைக்காரரிடம். அந்த உதவியாளர் பூதக்கண்ணாடியால் மிஸ் எம்.மின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியில் மட்டும்தான். ஆனால் அறையில் ஈரப்பதம் ஏறுகிறது."

"எதனால்?"

"இரத்தம்."

ஆகவே பிரியந்தியை அந்த அறையிலிருந்து நடைவழிக்கு இழுத்துப்போட்டார்கள். இழுத்தது உடைந்த கையைப் பிடித்து. அங்கே வைத்து அவளுடைய பெயர், தொலைபேசி எண், வேலை செய்யும் இடம் எல்லாவற்றையும் ஒரு காவலன் எழுதிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் எலும்பைப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி வந்தது. தமிழ்க் குரல், சென்னைத் தமிழ்.

"வணக்கம்மா, நான் புரொபசர் ஜம்புநாதன் பேசறேன். புரோசார்ட்ல இருக்கேன். மிஸ் எம்.முக்கு நான்தான் குரல்."

"ஆற்றை குரல்?"

"படத்துல இருக்காங்களே, அந்த அம்மா. அவங்களால பேச முடியாது இல்லையா? அதனால அவங்க சார்பா பேசறதுக்குக் கமிட்டி என்னை நியமிச்சிருக்கு. முப்பது வருஷமா நகரத்துல உழைக்கிற பெண்களைப் பத்தித்தான் என் ஆராய்ச்சியே."

"நானும் உழைக்கிற ஆள்தான் ஐயா. எனக்குக் கை முறிஞ்சு கிடக்கு."

"கேள்விப்பட்டேன், வருத்தமா இருக்கு. ஆனா உங்களுது உயிருள்ள உடம்பும்மா. ஆறிடும். காகிதம் ஆறாது." பிறகு விஷயத்துக்கு வந்தார். "போலீஸ்ல புகார் கொடுக்கலாமான்னு யோசிக்கறாங்க. தாக்குதல்னு. நீங்க குழந்தைகள் இருக்கற இடத்துல வேலை பாக்கறீங்கன்னு தெரியும். அப்படி ஒரு வழக்கு இருந்தா அங்க வெச்சுக்க மாட்டாங்க, இல்லையா? அதனால 'ஆறுதல் வட்டம்'னு ஒண்ணு கூட்டறோம். நீங்க வந்து அவங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டா, புகார் கிடையாது."

"ஆரிட்டைக் கேக்கிறது?"

"மிஸ் எம்.கிட்ட."

பிரியந்தி டெனிஸ்டனிடம் சொன்னாள். அவன் பக்டரியில் இரவு வேலை முடித்து வந்து, தேநீரில் பாணைத் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிப்புத்தானே, கேட்டுப்போட்டு வாரும்," என்றான். "படத்திட்டைக் கேட்டால் என்ன, பாதரிட்டைக் கேட்டால் என்ன. வேலை போகாமல் இருந்தால் காணும்."

"என்னை அடிச்சவையிட்டை நான் போய் மன்னிப்புக் கேக்கிறதோ?"

"அடிச்சவையிட்டை இல்லையப்பா. படத்திட்டை. அது உமக்கு ஒண்டும் செய்யேல்லைத்தானே."

இதில் ஒரு நியாயம் இருப்பதாக அவளுக்கும் பட்டது. பிள்ளைகள் யார் சமைத்ததைச் சாப்பிடுகிறார்களோ என்ற நினைப்பு மாவுக்கட்டுக்குள்ளே எலும்பைவிட அதிகமாக அவளைக் குத்திக்கொண்டிருந்தது. சரி என்றாள்.

பாஸ்கு கழிந்த வாரத்தில் ஆறுதல் வட்டம் கூடியது. மண்டபத்தின் நடுவில் மெத்தை போட்ட நாற்காலியில் மிஸ் எம்.மைச் சாய்த்து வைத்திருந்தார்கள், துணியில்லாமல். அவளுக்கு முன்னால் சின்ன மேசையில் தண்ணீர்க் கிளாஸ் ஒன்று. காகிதத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வைக்கக்கூடாது என்பதால் கிளாஸ் வெறுமையாக இருந்தது. வட்டத்தைச் சுற்றிக் காவலர்கள் நின்றார்கள்; ஒருவனுக்குக் காதில் கட்டு, ஒருவனுக்கு வாயில் வீக்கம். நாற்காலி போதாததால் பிரியந்தி நின்றாள். துணைக்கு வந்த பிலோமினம்மா, கேட்காமலே ஒரு ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

மதாம் ஷார்பொன்னோ பேசினார். "இந்த இல்லம் இதுவரை ஒருவர் மீதும் கை வைத்ததில்லை. நாங்கள் வன்முறையை எதிர்க்கிறவர்கள். ஒவ்வொரு செவ்வாயும் அதைப் பற்றி ஒரு பயிலரங்கு நடத்துகிறோம், கட்டணத்தோடு. நாங்கள் செய்வது பாதுகாப்பு. பாதுகாப்பு நடக்கிற வழியில் ஓர் எலும்பு வந்து நின்றால், அந்த எலும்பு அங்கே ஏன் நின்றது என்றுதான் நாம் எல்லோரும் அமைதியாக யோசிக்க வேண்டும்."

எல்லோரும் அமைதியாக யோசித்தார்கள்.

அடுத்தது கூத்யூர். அவருக்குப் பேச்சு வராது. "நான் இருபத்திரண்டு வயதில் ஒருவனுடைய தாடையை உடைத்தேன். அவன் திரும்ப எங்கள் கோல் பக்கம் வரவேயில்லை. இந்த அம்மாவும் அன்றைக்குப் பிறகு படத்தைத் தொடவில்லை. என் முறை வேலை செய்கிறது." கைதட்டினார்கள்.

பேராசிரியர் ஜம்புநாதன் எழுந்தார். உயரமானவர், கழுத்தில் கம்பளிச் சால்வை. முதலில் பிரெஞ்சில் பேசினார், பிறகு பிரியந்திக்காகத் தமிழில் சொன்னார். "இவங்க ஒரு ஏழைப் பெண். தெருவுல நின்னு இறால் வித்தவங்க. பேர்கூட யாரும் கேக்கலை. அவங்களைக் கேக்காம அவங்க மேல கை வைக்கற உரிமை இந்த உலகத்துல யாருக்கும் கெடையாது. அதை மட்டும் நீங்க புரிஞ்சுக்கணும்."

ஜன்னலிலிருந்து பிலோமினம்மா கேட்டார்: "தம்பி, இவளை விழுத்தேக்கை இவளிட்டைக் கேட்டுப்போட்டோ விழுத்தினவை? இவளின்ரை பேர் அப்ப ஆருக்கும் தெரியுமோ?"

"அது வேற சப்ஜெக்ட்மா," என்றார் பேராசிரியர்.

"ஓம் ஓம். அந்தப் பாடம் நீங்கள் எடுக்கேல்லைப் போலை."

பிரியந்தி அவரைக் கையால் அமர்த்தினாள். "அக்கா, சும்மா இருங்கோ. எனக்கு வேலை வேணும்." பிறகு பேராசிரியரைப் பார்த்து, "ஐயா, எப்பிடிக் கேக்கவேணும் எண்டு சொல்லுங்கோ. கேட்டுப்போட்டுப் போறன்," என்றாள்.

பேராசிரியர் மதாமோடு கலந்து பேசினார். "வெறும் வாய்வார்த்தை வேண்டாம்னு சொல்றாங்க. உங்க பண்பாட்டுப்படி கேளுங்க. அப்பதான் அது உண்மையா இருக்கும்."

"எங்கடை முறை எண்டால் முழங்காலிலை நிண்டு, காலைத் தொட்டு முத்தி செய்யிறது."

"பிரமாதம். அதையே பண்ணுங்க."

"அதைச் செய்துதானே ஐயா கை முறிஞ்சது!"

"இல்லம்மா, அப்ப அனுமதி இல்லாம பண்ணீங்க. இப்ப கமிட்டியே கேக்குது. அனுமதி வந்தாச்சு. பயப்படாதீங்க."

பிரியந்தி காவலர்களைப் பார்த்தாள். கூத்யூர் முழங்கையை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். அவளுடைய கால்கள் நகரவில்லை. வேலையை நினைத்துப் பார்த்தாள், பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாள். அப்போதும் கால்கள் நகரவில்லை.

"சரி, நான் காட்டறேன் பாருங்க," என்றார் பேராசிரியர் பொறுமையாக. "எங்க ஊர்லயும் பெரியவங்க காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கறது உண்டு. எல்லாம் ஒண்ணுதான்." அவர் நாற்காலிக்கு முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் மிஸ் எம்.மின் சப்பாத்தைத் தொட்டார்.

அனுமதி வந்துவிட்டது என்பதைக் கமிட்டி மணிக்குச் சொல்லவில்லை. மணி அடித்தது.

கூத்யூருடைய உடம்பு கமிட்டியைக் கேட்டு நகர்கிற உடம்பல்ல. பேராசிரியருடைய இடுப்பில் அது மோதியபோது அவர் குனிந்த நிலையிலேயே முன்னால் பறந்தார். தலை கண்ணாடியைத் துளைத்து, காகிதத்தைத் துளைத்து, பின்பலகையையும் துளைத்து, நாற்காலியின் மறுபக்கம் வெளியே வந்தது. சட்டகம் கழுத்தில் மாலைபோல நின்றது. நெற்றியிலிருந்து இரத்தம் கொட்டியது.

"அவளைக் காப்பாற்றுங்கள்!" என்று மதாம் அலறினார்.

நான்கு காவலர்கள் சட்டகத்தை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து நான்கு திசையிலும் இழுத்தார்கள். நடுவில் பேராசிரியர் இருந்தார். கண்ணாடி விளிம்பு கழுத்தை அறுக்க, அவர் பன்றியைப்போலக் கத்தினார். மதாம் தன் நாற்காலியைத் தூக்கிக் கூத்யூருடைய மண்டையில் போட்டார். கூத்யூர், யார் அடித்தது என்று பார்க்காமலே, பழக்கத்தில் திரும்பித் தோளால் இடித்தார். மதாம் சுவரில் அடிபட்டுச் சரிந்தபோது அவருடைய தோள்மூட்டு கழன்றிருந்தது. வெள்ளைக் கையுறைக்காரர் நடுவில் புகுந்து, "இரத்தம், இரத்தம், ஈரப்பதம்!" என்று கத்தியபடி பேராசிரியரின் காயத்தின் மேல் உறிஞ்சுதாளை அழுத்தினார். பிறகு இன்னொரு தாளை எடுத்துப் படத்தை ஒற்றத் தொடங்கினார். காயத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாய் வீங்கியவனும் அன்றைக்கு அவனை இடித்தவனும், போன மாதத்து முழங்கையை ஞாபகப்படுத்திக்கொண்டு, ஒருவரையொருவர் தனியாக அடிக்கத் தொடங்கினார்கள்.

"நான் இந்த முறை ஒண்டும் செய்யேல்லை," என்று பிலோமினம்மா ஜன்னலிலிருந்து எல்லோருக்கும் கேட்க அறிவித்தார். "குடை என்ரை மடியிலைதான் இருக்கு. எல்லாரும் பாத்துக்கொள்ளுங்கோ."

பிரியந்திதான் போனாள். இடது கையால் தன் கழுத்துத் துண்டை உருவி, பேராசிரியரின் நெற்றியைச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டாள். அவருடைய கன்னத்தில் காகிதத் துண்டு ஒன்று இரத்தத்தில் ஒட்டியிருந்தது. இறால்காரியின் முகத்தில் பாதி.

"படத்துக்கு... படத்துக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார் பேராசிரியர்.

"படம் கிழிஞ்சு போச்சுது ஐயா. நீங்கள் கதையாதேங்கோ. கதைச்சால் இரத்தம் கூடப் போகும்."

அவர் கதைக்காமல் அழுதார்.

காட்சிச்சாலையின் அறிக்கை மறுநாள் வந்தது. மதாம் கையைக் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கவிட்டபடி நின்று, தொலைக்காட்சிக்காரருக்கு முன்னால் அதைப் படித்தார். மார்ச் மாதம் ஒரு கை தொடங்கிவைத்த வன்முறை ஏப்ரலில் அதன் இயல்பான முடிவை அடைந்தது என்று அறிக்கை சொன்னது. காவலர்களின் விரைவுக்கு நன்றி தெரிவித்தது. கூத்யூர் மற்றக் கிளைகளின் காவலர்களையும் பழக்குவதற்கு நியமிக்கப்பட்டார். பேராசிரியர் ஜம்புநாதன், நெற்றியில் தையலோடு, தனக்கு நேர்ந்தது வன்முறையல்ல, ஆழமான பங்கேற்பு என்று ஒரு வானொலியில் சொன்னார். பிரியந்தியைப் பற்றி ஒரே வரி இருந்தது: மிஸ் எம். தற்போது குறைகூறும் நிலையில் இல்லாததால், பார்வையாளர்மீது புகார் கொடுக்கப்படமாட்டாது.

"கண்டியே, மாதா கைவிடேல்லை," என்றார் பிலோமினம்மா.

"எந்த மாதா அக்கா? அது இறால்காரி."

"இருக்கட்டும் பிள்ளை. வேலை தப்பிச்சுதுதானே."

மே மாதத்தில் மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை பிரியந்தி கர்டரிக்குப் போனாள். பொறுப்பாளர் நல்ல மனுஷி. பிரியந்தியைத் தன் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, கோப்பி ஊற்றிக் கொடுத்தார். புகார் இல்லை என்று பிரியந்தி சொன்னபோது, தெரியும் என்றார்.

"ஆனால் மதாம் ஷார்பொன்னோ எனக்கு மார்ச் மாதமே தொலைபேசி எடுத்துவிட்டார். அந்தச் சனிக்கிழமை மாலையிலேயே, அறிக்கை விடுவதற்கு முதல். பிள்ளைகள் இருக்கும் இடம் என்பதால் எங்களுக்குத் தெரியப்படுத்துவது தங்கள் கடமை என்றார். இப்படியானவரை இங்கே வைத்திருக்க வேண்டாம் என்றார். நான் தாய்தகப்பன்மாருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் கூட்டம் கூடினார்கள்."

"அப்ப நான் மன்னிப்புக் கேக்கப் போனது?"

"அது எனக்குத் தெரியாது."

சமையலறையில் வேறொரு பெண் கரட் சீவிக்கொண்டிருந்தாள். ஏப்ரல் முதலாம் வாரத்திலிருந்து அவள்தான் அங்கே வேலை செய்கிறாள். பிரியந்தி கோப்பியைக் குடித்து முடித்து, கோப்பையைத் தானே கழுவிவைத்துவிட்டு வெளியே வந்தாள். அவளுடைய வலது மணிக்கட்டு வளைந்தே பொருந்தியிருக்கிறது. பெரிய சட்டியை அந்தக் கையால் தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.